சொந்தப் பாட்டுக்கு அட்டைப்படம்: முதன்முறை வெளியிடுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லேபிள் (இசை நிறுவனம்) எதுவும் இல்லாமல், பாட்டைத் தளங்களுக்கு அனுப்பித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் ஆகியவற்றில் பாட்டை ஏற்றப் போகிறவர்களுக்கானது இது. மாஸ்டரிங் வரை மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, கடைசி இரண்டு நாளில் கூகுளில் கிடைத்த ஒரு படத்தின்மேல் பெயரை எழுதி ஏற்றுகிறவர்களே அதிகம். அப்படிச் செய்வதால் மூன்று சிக்கல்கள் வரும். டிஸ்ட்ரிபியூட்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அல்லது ஏற்றுக்கொண்ட பின் படத்துக்குச் சொந்தக்காரர் புகார் கொடுப்பார், பாட்டு இறங்கிவிடும். இரண்டும் நடக்காவிட்டாலும், கர்நாடக இசை ஆல்பத்தைப் பார்த்தவர் பக்திப் பாடல் தொகுப்பு என்று நினைத்துக் கடந்துபோவார்.

கேட்பவர் உங்கள் பாட்டை முதலில் சந்திப்பது கண்ணால்தான். பாட்டின் ஓசையிலிருந்து படத்தை எடுப்பது எப்படி, அதைத் தமிழ் எழுத்தோடு சேர்ப்பது எப்படி, உரிமைத் தாள்களை எப்போது வாங்குவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. நாட்களை முதலில் குறியுங்கள்

வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பாட்டும் அட்டைப்படமும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் போக வேண்டியது 4 வாரம் முன்னால். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பாவது அது அவர்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். நிராகரிப்பு வந்தால் திருத்தி மறுபடி அனுப்பவும் நாள் வேண்டும். அதனால்தான் 4 வாரம்.

அதற்கு முன் ஓவியருக்கோ டிசைனருக்கோ 3 வாரம் கொடுங்கள்: முதல் வாரம் பென்சில் மாதிரிகள், இரண்டாவது வாரம் முழுப்படம், மூன்றாவது வாரம் திருத்தமும் மற்ற அளவுகளும். அதற்கும் முன் ஒரு வாரம் நீங்கள் யோசிக்க. ஆக, 8 வாரம். பாட்டு மிக்ஸிங்கில் இருக்கும்போதே படவேலை தொடங்கிவிடலாம். முடிக்காத மிக்ஸைக் கேட்டே நல்ல ஓவியர் வரைவார்.

2. பாட்டைக் கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள்

டிசைனரிடம் "நல்லா கெத்தா இருக்கணும்" என்று சொன்னால் அவர் மனதில் உள்ள கெத்துதான் வரும். ஹெட்போனில் பாட்டை நாலு முறை கேட்டு, கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இசையில் இருக்கும் குணங்களுக்கு ஓவியத்தில் நேரான இணைகள் உண்டு.

அடர்த்தி: ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் கேட்கின்றன? குரலும் தம்புராவும் மட்டுமென்றால் படத்திலும் ஒரு உருவம், ஒரு பின்னணி போதும். பத்து ஒலி மேளமும் பிராஸும் கோரஸுமாக வந்தால் படம் நிறைந்திருக்கலாம். கச்சேரி ஆலாபனைக்கு நெரிசலான கொலாஜ் வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பொருத்தமின்மை.

விளிம்பு: ஒலி எப்படித் தொடங்குகிறது? பறையின் அடி வெட்டென்று விழும். அதற்குக் கூர்மையான விளிம்பு, மரச்செதுக்கு அச்சு மாதிரியான கறுப்பு வெள்ளை ஒத்துப்போகும். புல்லாங்குழல் மெல்லக் கரைந்து வரும். அதற்கு ஒன்றில் ஒன்று கலக்கும் நீர்வண்ணம். டிஸ்டார்ஷன் கித்தாருக்குச் சொரசொரப்பு, ஜெராக்ஸ் புள்ளிகள். நாதஸ்வரம் உரக்க ஒலிக்கும் கருவி. மங்கிய வண்ணத்தில் அது அடங்கிப்போய்விடும்.

எடை: பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, தூக்கலாக இருந்தால் படத்தின் கீழ்ப்பகுதியில் இருண்ட கனம் வையுங்கள். மேல் ஸ்தாயியிலேயே சஞ்சரிக்கும் பாட்டென்றால் கனத்தை மேலே தூக்கி, கீழே வெளி விடலாம்.

வேகம்: திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் தாளத்தைக் காட்டும். ஜன்னல் வரிசை, படிக்கட்டு, கோலப் புள்ளி எல்லாம் வேகமான பாட்டுக்கு உதவும். மெதுவான விளம்ப காலப் பாட்டுக்கு நீண்ட ஒரே கோடு.

வெளி: ரிவெர்ப், அதாவது எதிரொலிப்பு, அதிகமா? படத்தில் ஆழம் வேண்டும், தூரத்து மலையோ நீண்ட தாழ்வாரமோ. குரல் காதருகில் பேசுவதுபோல் உலர்ந்திருந்தால் முகத்தை நெருங்கி எடுங்கள்.

இந்தத் தாளில் பாடல் வரியின் பொருளைக் கடைசியில் எழுதுங்கள். "மழை" என்று வரியில் வந்ததும் மழையை வரைந்துவிட்டால் பாட்டின் ஓசை படத்துக்குள் வராமலே போகும்.

3. அந்த இசை வகையின் முகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் பாட்டு எந்த வகையோ அதில் 30 அட்டைப்படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டுங்கள். மூன்று கேள்வி: மனித முகம் எத்தனையில் இருக்கிறது? முதன்மை வண்ணம் எது? எழுத்து எவ்வளவு இடத்தை எடுக்கிறது? அரை மணி நேர வேலைதான். இதைச் செய்தவருக்கு எதை வைத்துக்கொள்வது, எதை மீறுவது என்பது தெளிந்துவிடும்.

ஒவ்வொரு வகையின் தோற்றத்துக்கும் காரணம் இருக்கும். ஜாஸ் என்றாலே நினைவுக்கு வருவது 1950-களின் பிற்பாதியிலும் 60-களிலும் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்கு ரீட் மைல்ஸ் என்ற டிசைனர் செய்த அட்டைகள். பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைத் துணிச்சலாக வெட்டி, பெரும்பாலும் ஒரே ஒரு வண்ணம் சேர்த்து, எழுத்தையே தாளம் போல அடுக்குவார். குறைந்த வண்ணத்தில் அச்சிட்டால் செலவும் குறைவு. கையில் பணம் இல்லாத இசைக்குழுவுக்கு இன்றும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. மெட்டல் இசையில் பேரைப் படிக்கவே முடியாத முட்புதர் எழுத்து, அந்த வட்டத்து ரசிகருக்கு "இது நம்ம ஆளு" என்று சொல்லும் அடையாளம். அதே எழுத்தை மெல்லிசைக்கு வைத்தால் வர வேண்டியவர் வரமாட்டார்.

நம்மூர்ப் பக்திப் பாடல் அட்டை கேசட் காலத்திலிருந்தே நடுவில் தெய்வத்தின் முகம், சுற்றிலும் பூ, மேலே தலைப்பு என்றே இருக்கிறது. வாங்குகிறவர் எந்தச் சாமி என்று ஒரே பார்வையில் கண்டுகொள்ள வேண்டும். இதை மீறுவதானால் தெய்வத்தை அடையாளம் காட்டும் ஒன்றையாவது, வேலோ சங்கோ, விட்டு வையுங்கள். கானாவுக்கு இப்படி இறுகிப்போன இலக்கணம் எதுவும் கிடையாது. சுவர் விளம்பர எழுத்து, ஆட்டோவின் பின்புற எழுத்து, கேரம் போர்டு, தெருக்கம்பம் என்று அந்த வாழ்க்கையிலிருந்தே எடுக்க ஏராளம் இருக்கிறது. வேறு நகரத்து ஹிப்-ஹாப் அட்டையின் கிராஃபிட்டி எழுத்தைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ராகமாலா ஓவியங்களைப் பயன்படுத்த நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராகங்களை நாயக நாயகிகளாகத் தீட்டிய அந்த மரபு வடஇந்திய ராகங்களைச் சேர்ந்தது. 'தோடி' என்று எழுதிய ஓவியத்தில் வீணையோடு ஒரு பெண்ணும் மான்களும் இருப்பார்கள். ஆனால் நம் தோடியின் ஸ்வரங்கள் இந்துஸ்தானியில் பைரவி ராகத்துக்கு உரியவை. அங்குள்ள பைரவ், நம் மாயாமாளவகௌளை. பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் கர்நாடகத் தோடி ஆல்பத்தில் வேறு ராகத்தின் ஓவியம் உட்கார்ந்திருக்கும். விவரம் அறிந்த ரசிகர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

4. படம் எங்கிருந்து? எதற்கு எந்தத் தாள்?

சொந்தப் புகைப்படம். 12 மெகாபிக்சல் போன் கேமரா 4000 × 3000 பிக்சல் கொடுக்கும். சதுரமாக வெட்டினால் சரியாக 3000 × 3000. ஆக ஜூம் செய்து வெட்ட இடமில்லை, எடுக்கும்போதே சட்டகம் சரியாக இருக்க வேண்டும். படத்தில் அடையாளம் தெரியும் ஆள் இருந்தால் அவரிடம் "இந்தப் பாட்டின் அட்டைக்கும் விளம்பரத்துக்கும் என் படத்தைப் பயன்படுத்தச் சம்மதம்" என்று கையெழுத்து வாங்குங்கள். நண்பரானாலும் வாங்குங்கள். சட்டையிலோ ஷூவிலோ உள்ள நிறுவனச் சின்னத்தை மறைத்துவிடுங்கள்.

சுவரோவியத்தின் முன் நின்று எடுத்த படம். சென்னைக் கண்ணகி நகர்ச் சுவரோவியங்கள் போன்றவற்றைப் பின்னணியாக வைக்க ராப் பாடகர்களுக்கு ஆசை வரும். பொது இடத்தில் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே என்று தோன்றும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆவது பிரிவு தரும் விலக்கு, கட்டடங்களுக்கும், பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பங்களுக்கும் கைவினைப் படைப்புகளுக்கும்தான். சுவரில் தீட்டிய ஓவியம் அதில் சேராது. வரைந்தவரிடமோ ஏற்பாடு செய்த அமைப்பிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பின்னணியில் மங்கலாக, தற்செயலாக வருவது வேறு. அதுவே படத்தின் உயிராக இருப்பது வேறு.

பழைய ஓவியங்கள். இந்தியாவில் ஓவியத்தின் பதிப்புரிமை, வரைந்தவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ரவிவர்மா 1906-இல் மறைந்தார், அவர் ஓவியங்கள் பொதுவுடைமை, அதாவது யாரும் பயன்படுத்தலாம். ஆனால் "பழைய காலண்டர் படம்தானே" என்று எடுக்கும் பலவும் அப்படியல்ல. காலண்டர் ஓவியர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு மறைந்தது 1976-இல். கணக்குப்படி 2036 முடியும்வரை உரிமை உண்டு. கர்நாடக இசைக்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் மும்மூர்த்திகள் படம். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்று வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் அந்த உருவங்கள் பாடகரும் ஓவியருமான எஸ். ராஜம் தீட்டியவை. அவர் மறைந்தது 2010-இல். அது தொன்றுதொட்டு வந்த படம் என்று நினைத்து எடுத்து வைக்காதீர்கள்.

அருங்காட்சியக இணையதளங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 முதலும் கிளீவ்லாந்து அருங்காட்சியகம் 2019 முதலும் தங்களிடமுள்ள பொதுவுடைமைப் படைப்புகளின் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகின்றன. ராகமாலா ஓவியங்களும் அங்கே உண்டு. 'ஓப்பன் ஆக்சஸ்' என்ற குறி அந்தப் படத்தின் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை நாளோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிக்சல் அளவையும் பாருங்கள்.

கோவில் சிற்பங்கள். ஆயிரம் ஆண்டுச் சிற்பத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அந்தப் புகைப்படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு. நீங்களே போய் எடுப்பதானால், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் வணிகப் படப்பிடிப்புக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

5. கருவிகளைச் சரிபாருங்கள்

படம் முடிந்ததும், அந்தக் கருவியை வாசிக்கிறவர் ஒருவரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள். ஏஐ செயலிகளில் உருவாக்கிய படங்களிலும், தெரியாத டிசைனர் ஒட்டிய படங்களிலும் பிழை வரும் இடங்கள் இவை:

- தம்புராவுக்கு மெட்டுகள் (தந்திக்குக் கீழே வரும் குறுக்குக் கம்பிகள்) கிடையாது, தந்தி 4. வீணைக்கு மெட்டுகள் 24, தந்தி 7. இரண்டையும் கலந்து ஒரு கருவி வரையப்படுவது சகஜம்.
- கர்நாடகக் கச்சேரியில் வயலின் வாசிப்பவர் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின்மேல் ஊன்றியிருப்பார். நின்றுகொண்டு தோளில் தூக்கிப் பிடித்தால் அது மேற்கத்திய முறை.
- மிருதங்கத்தில் கறுப்புக் கரணை உள்ள பக்கம் வலந்தலை. இடது பக்கம் தொப்பி.
- பறைக்கு இரண்டு குச்சி: ஒன்று குட்டையாகத் தடித்தது, மற்றொன்று நீளமாக மெலிந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் தவறு.

இதோடு சேர்ந்ததுதான் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது. எழுத்துக்கு இடம் வேண்டும் என்று டிசைனர் ஒரே கிளிக்கில் திருப்பிவிடுவார். மிருதங்கக்காரர் இடது கைக்காரர் ஆகிவிடுவார், புடவைத் தலைப்பு வலத்தோளுக்குப் போய்விடும். திருப்பக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. தமிழ் எழுத்து

அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான், சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், எழுத்து கட்டாயமா? இல்லை. செயலி தானாகவே படத்தின் கீழே பாட்டின் பெயரைக் காட்டும். எழுத்தே இல்லாத அட்டையை எல்லாத் தளங்களும் ஏற்கும். எழுதுவதானால் அது படத்தின் ஓர் உறுப்பாக இருக்கட்டும்.

அளவு. போனில் பாடல் பட்டியலில் உங்கள் அட்டை ஏறக்குறைய 1 செ.மீ. சதுரம், விரல் நகம் அளவு. 3000 பிக்சல் 1 செ.மீ. ஆகிறது என்று வைத்தால், 300 பிக்சல் உயர எழுத்து 1 மி.மீ. ஆகிவிடும். அதன் தலையில் உள்ள புள்ளி கண்ணுக்கே தெரியாது. புள்ளி போனால் 'பல்' என்பது 'பல', 'கண்' என்பது 'கண'. எழுத்து குறைந்தது 600 பிக்சல் உயரம் இருக்கட்டும். அந்த உயரத்தில் ஒரு வரியில் நாலு எழுத்துக்கு மேல் கொள்ளாது. ஆகவே நீளமான தலைப்பை இரண்டு மூன்று வரியாக உடையுங்கள், அல்லது ஒரு சொல்லை மட்டும் பெரிதாக எழுதிவிட்டு மற்றதைச் சிறிதாக விடுங்கள். புள்ளியை ஃபான்ட் தருவதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

இடைவெளி. ஆங்கில எழுத்துகளைப் பரப்பி வைப்பது அழகாக இருக்கும். தமிழில் அப்படிப் பரப்பினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று 'கொ' மூன்று துண்டாகப் பிரியும். பரப்ப வேண்டும் என்றால் ஒவ்வோர் எழுத்தையும் தனி லேயராக்கி, கொம்பையும் காலையும் அதோடு சேர்த்தே நகர்த்துங்கள். வரிகளுக்கு இடையிலும் ஆங்கிலத்தைவிட அதிக இடம் விடுங்கள். இல்லையென்றால் மேல்வரியில் 'ரு', 'மூ' ஆகியவற்றின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும்.

மென்பொருள். ஃபோட்டோஷாப்பில் தமிழ் தட்டச்சு செய்ததும் கொம்பு இடம் மாறினால் ஃபான்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று இருக்கும். மென்பொருளை மூடித் திறந்து புதிய ஃபைலில் எழுதிப் பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இண்டிக் தெரிவுகளைத் திறந்து, வேர்ல்டு-ரெடி கம்போசரை வையுங்கள். ஜிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்களில் தமிழ் நேராகவே சரியாக வரும். முடிந்ததும் எழுத்தை வடிவமாக மாற்றிச் சேமியுங்கள். அடுத்தவர் கணினியில் ஃபான்ட் இல்லாமல் கட்டம் கட்டமாக வராது.

ஃபான்ட் உரிமம். கேடமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, அரிமா, காவிவனார், மீரா இனிமை, கோய்னி, நோட்டோ செரிஃப் தமிழ் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகப் பாட்டுக்கும் கட்டணமில்லை. டிடிபி கடைகளில் பென் டிரைவில் சுற்றும் பழைய ஃபான்ட்களில் பலவற்றுக்கு யாரிடம் உரிமை என்றே தெரியாது. அவை யூனிகோடாகவும் இருக்காது. தவிர்த்துவிடுங்கள்.

சிறு தொகைதான் இருக்கிறது, எதில் செலவழிப்பது என்று கேட்டால் என் பதில்: கையெழுத்தில். உங்கள் ஊரில் சுவர் விளம்பரமும் கடைப் பலகையும் எழுதிய ஓவியர் ஒருவர் இருப்பார். ஃப்ளெக்ஸ் வந்தபின் அவருக்கு வேலை குறைந்திருக்கும். பாட்டைப் போட்டுக் காட்டி, ஏ3 வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு போஸ்டர் கலரில் தலைப்பை மூன்று விதமாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடையில் 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 3508 × 4961 பிக்சல் வரும். இங்க்ஸ்கேப்பின் 'டிரேஸ் பிட்மேப்' அதை எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய வடிவமாக்கிவிடும். எந்த ஃபான்ட்டிலும் கிடைக்காத ஒரு நடை அந்தத் தூரிகையில் இருக்கும். அவருக்கும் கீழே சொல்லும் தாளில் கையெழுத்து வேண்டும், முழுக் கூலியும் வேண்டும்.

7. வரையத் தொடங்கும் முன் ஒப்பந்தம்

பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் தீட்டச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. எழுத்து வடிவமைப்பு, கொலாஜ், கிராஃபிக்ஸ் எல்லாம் இதற்குள் தெளிவாக அடங்கா. அதனால் எதுவாக இருந்தாலும் எழுதிக்கொள்வதே வழி.

எழுதும்போது இரண்டு விஷயம் விட்டுப்போனால் சிக்கல். 19-ஆவது பிரிவின்படி காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உங்கள் பாட்டோ முதல் நாளே சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் கேட்கும். மேலும், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது போய்விடும் என்பதும் அதே பிரிவில் உண்டு, வேறுவிதமாக எழுதிக்கொண்டாலொழிய. பாட்டு தள்ளிப்போவது சாதாரணம் என்பதால் இதையும் எழுதுங்கள்.

மாதிரி வாசகம்:

"________ ஆகிய நான், '________' என்ற பாடலுக்காக உருவாக்கி இத்துடன் இணைத்துள்ள அட்டைப்படத்தை, ஸ்ட்ரீமிங், சிடி, இசைத்தட்டு, வீடியோ, சுவரொட்டி, விளம்பரம் ஆகியவற்றில் பயன்படுத்தும் தனியுரிமையை, உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், ₹____ பெற்றுக்கொண்டு ________ அவர்களுக்கு அளிக்கிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இவ்வுரிமை நீங்காது. இதிலுள்ள படங்களும் ஃபான்ட்களும் என் சொந்தப் படைப்பு அல்லது முறையான உரிமம் பெற்றவை. என் பெயர் ________ என்று குறிப்பிடப்படும். டி-சர்ட் முதலிய பொருள்களுக்குத் தனித் தொகை பேசிக்கொள்ளப்படும்."

இரு தரப்பும் கையெழுத்திட்டு, படத்தின் அச்சுப் பிரதியிலும் கையெழுத்து வாங்குங்கள். படம் இல்லாத தாள் எந்தப் படத்துக்கு என்ற கேள்வியைக் கிளப்பும். கவனித்தீர்களா, பதிப்புரிமையையே எழுதி வாங்கவில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டும்தான். ஒரு சிங்கிளுக்கு இது தாராளமாகப் போதும். சிறிய கூலிக்கு முழு உரிமையையும் கேட்பது ஓவியருக்கு அநியாயம்.

பணம்: பாதி முன்பணம், பாதி ஃபைல் கைக்கு வரும்போது. இரண்டு சுற்றுத் திருத்தம் கூலியில் அடங்கும், அதற்குமேல் சுற்றுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் முன்பணம் திரும்பாது என்பதையும் சேருங்கள்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. கலைப்படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் ₹500. பொருள்களின் மீது பயன்படும் படமென்றால் ₹2,000, கூடவே வணிகச் சின்னப் பதிவகத்தின் சான்றும் கேட்பார்கள். விண்ணப்பித்தபின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. வெளியீட்டை இதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

8. ஃபைலைத் தயாரித்தல்

3000 × 3000 பிக்சல், சதுரம், திரைக்கான ஆர்ஜிபி வண்ணம், ஜேபெக் அல்லது பிஎன்ஜி. அச்சுக்கடையில் வேலை செய்யும் டிசைனர் பழக்கத்தில் அச்சுக்கான சிஎம்ஒய்கே-யில் கொடுத்துவிடுவார், அது திரும்பி வரும். எஸ்ஆர்ஜிபி-யில் சேமிக்கச் சொல்லுங்கள். 3000 பிக்சல் என்பது 300 டிபிஐ-யில் 10 அங்குல அச்சு. பின்னால் 12 அங்குல இசைத்தட்டு போடும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே 4000 × 4000-இல் வேலை செய்து, ஏற்றும்போது சுருக்குங்கள். இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்த 1080 பிக்சல் படத்தை 3000-க்கு இழுத்தால் மங்கல் என்று நிராகரிப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் டிரைவ் லிங்க்.

ஒரே ஒப்பந்தத்தில் மற்ற அளவுகளையும் கேட்டு வாங்கிவிடுங்கள்: யூடியூப் தம்ப்நெயிலுக்கு 1280 × 720, ஸ்டோரிக்கு 1080 × 1920, ஸ்பாட்டிஃபை கேன்வாஸுக்கு (பாட்டு ஓடும்போது திரையில் சுழலும் சிறு வீடியோ) அதே செங்குத்து அளவில் 3 முதல் 8 விநாடி வீடியோ, ஸ்பாட்டிஃபை கலைஞர் பக்கத்தின் மேற்படத்துக்கு 2660 × 1140. பின்னால் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் தனிக்கூலி. லேயர்களோடு மூல ஃபைலும் கைக்கு வரட்டும்.

9. ஏற்றும் முன் கடைசிச் சோதனை

படத்தைப் போனில் விரல் நக அளவுக்குச் சுருக்கி, கைநீளத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் ஒருமுறை, வெள்ளையில் ஒருமுறை. ஓரங்கள் கறுப்பாக இருந்தால் டார்க் மோடில் படம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. மெல்லிய ஒரு கோடு போட்டால் தீரும்.

நிராகரிப்புக்கு வழக்கமான காரணங்கள்: இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர், கியூஆர் குறி, போன் எண், விலை, ஸ்பாட்டிஃபை, யூடியூப் சின்னங்கள், "நியூ", "எக்ஸ்க்ளூசிவ்" போன்ற விளம்பரச் சொற்கள், நடிகர், தலைவர் படங்கள், ஸ்டாக் தளத்தின் வாட்டர்மார்க், அட்டையில் ஒரு பெயர், படிவத்தில் வேறு பெயர். கடைசியில் சொன்னதுதான் நம்மவர்களுக்கு அதிகம் வரும். பாடகர் பெயரை ஆங்கில எழுத்தில் அட்டையில் ஒருவிதமாகவும் படிவத்தில் வேறுவிதமாகவும் எழுத்துக்கூட்டினால் திரும்பி வரும். அட்டையில் உடன்பாடியவர் பெயர் இருந்தால் படிவத்திலும் இருக்க வேண்டும்.

மறுபடி அனுப்பும்போது சொன்ன குறையை மட்டும் திருத்தாமல் மேலே உள்ள பட்டியல் முழுவதையும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு சுற்றும் நாட்களைத் தின்னும்.

10. வெளிவந்த பிறகு

ஒரு ஃபோல்டரில் இவற்றைப் போட்டு இரண்டு இடத்தில் வையுங்கள்: கையெழுத்திட்ட ஒப்பந்தம், படத்திலுள்ளவரின் சம்மதம், ஃபான்ட் உரிமத்தின் நகல், அருங்காட்சியகப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கொடுத்த ரசீது, மூல ஃபைல். புகார் வந்தால் பதில் சொல்லக் கிடைப்பது சில நாட்களே. அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஓவியரின் பெயரை யூடியூப் விவரணையிலும் வெளியீட்டுப் பதிவிலும் எழுதுங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களில் அட்டை வரைந்தவர் பெயர் பெரும்பாலும் வராது, ஆகவே நீங்கள் எழுதும் இடம்தான் அவருக்குக் கிடைக்கும் ஒரே இடம்.

அட்டையை மாற்ற வேண்டுமென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கிலேயே புதிய படத்தை ஏற்றலாம். பாட்டை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள், கேட்பு எண்ணிக்கையும் பிளேலிஸ்ட் இடமும் போய்விடக்கூடும். எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் மாறாது, சிலவற்றில் பழைய படம் சில நாள் நிற்கும். அதுவரை புதிய படத்தை வைத்து விளம்பரம் செய்ய வேண்டாம்.